தினமும் பேப்பர் படித்தும் பொருளாதாரக் கேள்விக்கு விடை எழுத வரவில்லை, எப்படிப் படிப்பது?

வியாசர்பாடி_கலை:
குரூப் 1 மெயின்ஸுக்குப் படிக்கிறேன். ரெப்போ, பணவீக்கம், நிதிப் பற்றாக்குறை என்று தனித்தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவேன். செய்திகளை நோட்டில் எழுதியும் வைக்கிறேன். ஆனால் மாதிரித் தேர்வில் "ரெப்போ குறைந்தும் காசிமேட்டில் மீன் விலை ஏன் குறையவில்லை?" என்று வந்தபோது அரைப் பக்கம்கூட எழுத முடியவில்லை. 41% வரிப் பகிர்வு, மூலதனச் செலவு எல்லாவற்றிலும் இதே கதைதான். எங்கே கோட்டை விடுகிறேன்?

ராயபுரம் வாத்தியார்:
அந்தக் கேள்வியே ஒரு பொறி, தம்பி. ரெப்போவை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டியை, குறைப்பது விலையை இறக்க அல்ல. விலைவாசி அடங்கிவிட்டது, இனி கடனை மலிவாக்கலாம் என்று நினைக்கும்போது குறைப்பார்கள். விலையை அடக்க ஏற்றுவார்கள்: 2022 மே தொடக்கத்தில் 4%-இல் இருந்தது, 2023 பிப்ரவரிக்குள் 6.5% ஆனது. பிறகு 2025 பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.5 என்று இறங்கியது. விடையின் முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள், பாதி மார்க் அங்கேதான்.

அடுத்து, வட்டி எந்த வழியாக மக்களிடம் வருகிறது என்று எழுதுங்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த, வட்டி மாறும் வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். அதற்கு முந்தைய முறைக் கடன்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோ இழுக்கும். வண்ணாரப்பேட்டை அடகுக் கடை வட்டிக்கும் ரெப்போவுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ரிசர்வ் வங்கி அசைத்தாலும் கீழே வந்து சேர மாதங்கள் பிடிப்பது இதனால்தான்.

மீனுக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. வரத்து குறைந்து ஏறும் விலையை வட்டியால் இறக்க முடியாது. ஒரு கணக்கு போடுங்கள்: வஞ்சிரம் மார்ச்சில் கிலோ 800, மே மாதம் 1,200, போன வருட மே மாதம் 1,150 என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சோடு பார்த்தால் 50% ஏற்றம், போன மே மாதத்தோடு பார்த்தால் 4.3%தான். தலைப்புச் செய்தியில் வரும் பணவீக்கம் இந்த இரண்டாவது கணக்கு. போன வருடமும் தடைக்காலம் இருந்ததால் பருவ ஏற்றம் அதில் கரைந்துபோகிறது. "பணவீக்கம் 4%தான்னு சொல்றாங்க, மார்க்கெட்ல நெருப்பா கொதிக்குதே" என்பதில் இரண்டு பக்கமும் பொய் இல்லை. பணவீக்கம் 6-இலிருந்து 4-ஆக இறங்கினாலும் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, வேகம்தான் குறைந்திருக்கிறது.

இன்னொன்று, எடை: பணவீக்கத்தை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் உள்ள பங்கு. 2012 அடிப்படை ஆண்டு வரிசையில் உணவு, பானங்களின் எடை 100-க்கு 45.86. அடிப்படை ஆண்டு மாறினால் இதுவும் மாறும், அதனால் எண்ணோடு எந்த வரிசை என்றும் குறித்து வையுங்கள்.

எம்.சி.ரோடு கணக்கன்:
நோட்டில் செய்தியை எழுதுவதை நிறுத்துங்க. நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் தளத்தில் 'பட்ஜெட் ஒரு பார்வை' என்ற சின்ன ஆவணம் இருக்கு. முதல் அட்டவணையில் நான்கு பத்தி: போன ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டு மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. எந்தப் பத்தியை எதோடு ஒப்பிடுறீங்கங்கிறதுலதான் வம்பே.

மூலதனச் செலவை, அதாவது சாலை, ரயில் போன்ற சொத்துகளை உருவாக்கும் செலவைப் பாருங்க. 2024-25 மதிப்பீடு 11.11 லட்சம் கோடி, திருத்தியபோது 10.18, 2025-26 மதிப்பீடு 11.21. மதிப்பீட்டோடு மதிப்பீடு வைத்தால் வளர்ச்சி 1%கூட இல்லை. திருத்திய மதிப்பீட்டோடு வைத்தால் 10%. ஆளுங்கட்சி ஒன்றைச் சொல்லும், எதிர்க்கட்சி மற்றதைச் சொல்லும். நீங்க இரண்டையும் எழுதி, 2024-25-க்கு ஒதுக்கியதில் 93 ஆயிரம் கோடி செலவாகாதுன்னு திருத்தத்திலேயே தெரிஞ்சுபோச்சுன்னு சேர்த்தால் விடை நிற்கும்.

நிதிப் பற்றாக்குறையும் அப்படியே. 2025-26 மதிப்பீட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, கடன் நீங்கலான வரவு 34.96. கழித்தால் 15.69. ஜிடிபி சுமார் 357 லட்சம் கோடி, வகுத்தால் 4.4%. ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தவருக்கு மறக்காது. வட்டிச் செலவு 12.76 லட்சம் கோடி. நிதிப் பற்றாக்குறையில் வட்டியைக் கழித்தால் வருவது முதன்மைப் பற்றாக்குறை, அதை நீங்களே போடுங்க.

இதில் ஒரு வேடிக்கை: அரசு தன் நிறுவனங்களின் பங்கை விற்ற பணம் கடனில்லா மூலதன வரவில் சேர்வதால் பற்றாக்குறை குறையும். நம்ம எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசுக்கு இருந்த பங்கை 2020-இல் வாங்கியது சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம். அரசு அமைப்பு அரசிடமே வாங்கினாலும் அட்டவணையில் அது வரவுதான்.

கொருக்குப்பேட்டை_78:
41% பற்றி யாரும் சொல்லல. அது மொத்த வரியில் 41% இல்லை. மத்திய அரசு மாநிலங்களோடு பங்கிட வேண்டிய வரித் தொகுப்பில், அதாவது பகிரத்தக்க தொகுப்பில் 41%. செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகள் அந்தத் தொகுப்புக்கு வெளியே. 2021-26 காலத்துக்கு 15-ஆவது நிதிக்குழு அந்த 41%-க்குள் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது 4.079%. நிறைய பேர் இரண்டு சதவீதத்தையும் குழப்பிக்கிறாங்க.

பழைய கைடு வச்சிருந்தா கவனம். ரிசர்வ் வங்கியின் வட்டி வரம்புக்குத் தரை, அதாவது வங்கிகள் மிச்சப் பணத்தை அங்கே போட்டு வைத்தால் கிடைக்கும் வட்டி, ரிவர்ஸ் ரெப்போன்னு போட்டிருக்கும். 2022 ஏப்ரலிலிருந்து நிலையான வைப்பு வசதிதான் தரை, ரெப்போவுக்கு 0.25 கீழே. ரிவர்ஸ் ரெப்போ 3.35%-இல் சும்மா கிடக்குது.

வியாசர்பாடி_கலை:
15.69-இல் 12.76 போக 2.93 லட்சம் கோடி. 357-ஆல் வகுத்தால் 0.8%. சரியா அண்ணா?

எம்.சி.ரோடு கணக்கன்:
சரி. ஆனா வெறும் '0.8%'னு விட்டுடாதீங்க, 'ஜிடிபியில் 0.8%'னு எழுதுங்க, 'மதிப்பீடு'ன்னும் பக்கத்துல போடுங்க. உண்மைக் கணக்கு வந்ததும் அந்த வரியைத் திருத்தணும்.