டிராவலர், ஹை கார்ட்: 20,000 டன் குரூசருக்கு அஜிலிட்டி பூஜ்யமாகவே வருகிறது

கேள்வி:
வணக்கம். டிராவலர் என்ற விண்வெளிப் பாத்திரமேற்பு ஆட்டத்தின் போர்க்கப்பல் விதிநூலான ஹை கார்டின் 1980ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 20,000 டன் குரூசர் (போர்க்கப்பல்) ஒன்றை வடிவமைத்து வருகிறேன். பவர் பிளான்ட் (மின் உற்பத்தி இயந்திரம்) தரம் 6 என்பதால் 1,200 ஆற்றல் புள்ளிகள் கிடைக்கின்றன. ஸ்பைனல் மீசான் பீரங்கிக்கு (கப்பலின் நீளவாக்கில் பொருத்திய, மீசான் துகள் கற்றையைச் சுடும் பெரும் பீரங்கி) 500, கணினிக்கும் பாதுகாப்புத் திரைகளுக்குமாக 210, மும்மூன்று பீம் லேசர் பொருத்திய 100 டரெட்டுகளுக்கு (சுழலும் ஆயுத மேடைகள்) 300 போக 190 மிஞ்சுகிறது. ஆனால் அஜிலிட்டி, அதாவது எதிரியின் சுடுதலிலிருந்து விலகித் தப்பும் திறன், பூஜ்யம். சென்ற ஆட்டத்தில் எதிரி சுட்டதில் பெரும்பகுதி எங்கள் கப்பலின் மீதே பட்டது. பீரங்கியைக் கைவிட்டுவிடலாமா?

மறுமொழி 1:
பீரங்கியைத் தொடாதீர்கள், சிக்கல் லேசர்களில் இருக்கிறது. ஒரு புள்ளி அஜிலிட்டிக்குக் கப்பல் எடையில் நூற்றில் ஒரு பங்கு ஆற்றல், அதாவது உங்களுக்கு 200 வேண்டும்; பின்னம் கணக்கில் சேராததால், வெறும் 10 புள்ளி குறைந்ததற்காக மிச்சமிருந்த 190 முழுவதும் வீணாகிவிட்டது. ஒவ்வொரு லேசரும் ஒரு புள்ளியைத் தின்கிறது. ஏவுகணைக்கும் மணல் வீசிக்கும் (எதிரியின் லேசரை மங்கச் செய்ய மணல் தூவும் கருவி) ஆற்றலே தேவையில்லை. எனவே லேசர் டரெட்டுகளை 30 ஆகக் குறைத்து, பத்துப் பத்தாக மூன்று பேட்டரிகளாக்கி (சேர்ந்து சுடும் தொகுதிகள்), மீதி 70 டரெட்டுகளை ஏவுகணைக்கும் மணலுக்கும் பகிர்ந்துவிட்டால், லேசர் செலவு 90 ஆகி, சரியாக 400 மிஞ்சும், அஜிலிட்டி 2. அந்த 30ஐயும் எடுத்துவிட வேண்டாம், வரும் ஏவுகணைகளை அடித்து வீழ்த்த அவை தேவைப்படும்.

மறுமொழி 2:
கணக்கு சரி. ஆனால் அஜிலிட்டி மட்டுமே வெற்றி தரும் என்று எண்ணிவிடக் கூடாது. கணினி அறிவியலாளர் டக்ளஸ் லெனட்டின் யூரிஸ்கோ என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் 1981இல், இதே ஆட்டத்தில் கப்பற்படை அமைத்து மோதும் ட்ரில்லியன் கிரெடிட் ஸ்குவாட்ரன் போட்டியை வென்றது, கனத்த கவசமும் ஏராளமான சிறு ஆயுதங்களும் கொண்ட மெதுவான கப்பல்களைத் திரளாக இறக்கித்தான். எதிரியிடம் என்ன ஆயுதம் இருக்கிறது?

கேட்டவர்:
அவர்களிடமும் ஸ்பைனல் மீசான்தான் இருக்கிறது, ஐயா. எங்களுக்கு இருப்பது இந்த ஒரே கப்பல்.

மறுமொழி 2:
அப்படியானால் முதல் மறுமொழியில் சொன்னபடியே செய்யுங்கள். மீசான் கற்றை கவசத்தைப் பொருட்படுத்தாமல் உள்ளே புகுந்துதான் வெடிக்கும். அஜிலிட்டியையும் மீறிக் குறி பட்டுவிட்டால், அதைத் தடுக்க உதவுபவை மீசான் திரையும் கப்பல் உடலின் வடிவமும் மட்டுமே. கவசத்துக்கு ஒதுக்கிய எடையில் ஒரு பகுதியைத் திரைக்கு மாற்றுங்கள். திரையும் ஆற்றல் கேட்கும் என்பதால், அதற்கேற்ப லேசர்களில் இன்னும் சிலவற்றைக் குறைத்து அந்த 400ஐக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.