குறுவை, சம்பா நடவு நேரத்தில் ஊரக வேலையை நிறுத்தி வைப்பது சரியா?

வெண்ணாற்றுக்கரை:
2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய ஊரக வேலைச் சட்டத்தில் நூறு நாள் வேலை 125 நாளாகியிருக்கிறது. விதைப்பு, அறுவடைப் பருவத்தில் மொத்தம் 60 நாள் வரை அந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் இருக்கிறது. இந்த 60 நாளை நான் வரவேற்கிறேன், வெளிப்படையாகவே சொல்கிறேன். நீடாமங்கலம் பக்கம் ஆறு ஏக்கர் சாகுபடி, அதில் நாலு ஏக்கர் கோயில் நிலம், குத்தகை. ஜூன் 12 மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நடவு. குறுவை நாற்று 25 நாளைத் தாண்டிவிட்டால் தூர் கட்டாது (பக்கத் தண்டுகள் விடாது), காத்திருக்க வழியில்லை. கைநடவுக்கு ஏக்கருக்குப் பதினைந்து, இருபது பெண்கள் வேண்டும். அவர்களோ நூறு நாள் வேலையில் வாய்க்கால் கரையில் புல் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். போன குறுவைக்கு மேற்கு வங்கத்திலிருந்து வந்த பையன்கள்தான் நட்டுக் கொடுத்தார்கள், ஏக்கருக்கு 5,000 ரூபாய். நெல்லுக்கு விலை நான் வைப்பதில்லை, 2025-26ல் அரசு கொள்முதல் நிலையத்தில் பொது ரகம் குவிண்டால் 2,500, சன்ன ரகம் 2,545, அவ்வளவுதான். கூலி ஏறினால் அதை நான் யார் தலையில் ஏற்றுவது?

பூண்டிப் பொண்ணு:
அண்ணே, புல் செதுக்குகிறார்கள் என்று நீங்கள் சொல்லும் கூட்டத்தில் என் அம்மாவும் இருக்கிறார். திருத்துறைப்பூண்டி பக்கம். நாற்பது வருடமாக நடவு, களை, அறுப்பு எல்லாம் பார்த்தவர். 2025-26ல் அந்த வேலைக்கு அரசு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். வேலையை அளந்து பார்த்து அதற்கும் குறைவாகப் போடும் வாரங்கள் உண்டு, பணம் வர மாதக்கணக்காகும் சமயமும் உண்டு. அப்படியும் அங்கே போகிறார் என்றால் வயலில் என்ன கிடைக்கிறது என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று இல்லாமல் அவர் முதல்முதலாக வேலை பார்த்த இடம் அதுதான். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் 85 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். அதை நிறுத்தினால்தான் வயலுக்கு ஆள் வரும் என்றால், வேறு வழியே இல்லாமல் செய்துவிட்டுக் கூப்பிடுகிறீர்கள் என்றுதானே அர்த்தம்?

பெல்ட் வண்டிக்காரர்:
ஆள் இல்லை, ஆள் இல்லை என்று இன்னும் எத்தனை காலம் சொல்வது. அறுப்புக்கு ஆள் தேடுவது நின்று எவ்வளவோ வருடமாகிவிட்டது, ஒரு ஏக்கரை ஒரு மணி நேரத்தில் அறுவடை வண்டி முடித்துவிடுகிறது. நடவுக்கும் பாய் நாற்றங்கால் (பாய் போலச் சுருட்டி எடுக்கும் நாற்று) போட்டு மெஷின் நடவு வந்துவிட்டது. விவசாயம் நிற்காது, ஆட்களுக்குத்தான் வேலை போகும். இதை இரண்டு பேரும் சேர்த்து யோசியுங்கள்.

குடந்தை வாத்தியார்:
இந்தச் சண்டை காவிரி டெல்டாவில் மட்டும் நடப்பதில்லை. பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் 1954லேயே இதை எழுதினார், பிற்பாடு 1979ல் நோபல் பரிசும் வாங்கினார். ஏழை நாடுகளில் நிலத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் இருப்பார்கள், தொழிற்சாலைகள் கொஞ்சம் கூடுதல் கூலி கொடுத்து அவர்களை இழுத்துக்கொண்டே போகும், உபரி தீர்கிற இடத்தில் வயலிலும் கூலி ஏற ஆரம்பிக்கும், வறுமை குறைவது அங்கேதான் என்பது அவர் கணக்கு. தென்கொரியா, தைவான் அந்த வழியில் போயின. சீனாவில் 2000களின் நடுவில் கிராமத்து ஆட்களின் கூலி வேகமாக ஏறத் தொடங்கியதை இந்தத் திருப்பம் என்றுதான் பலரும் படித்தார்கள். ஆகவே வெண்ணாற்றுக்கரை ஐயா, ஆள் கிடைக்காதது நாட்டுக்கு நோய் என்று நான் நினைக்கவில்லை, வளர்ச்சி நடந்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் நம் நாட்டில் அந்தக் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. 2018-19ல் வேலை செய்கிறவர்களில் 42.5 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள், கொரோனாவுக்குப் பிறகு அது 46 சதவீதத்தைத் தொட்டு 2023-24 வரை அங்கேயே நின்றது. நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு 18 சதவீதம் போலத்தான். நூற்றுக்கு 46 பேர் 18 ரூபாயைப் பங்கு போட்டால் நிலம் வைத்திருப்பவருக்கும் பத்தாது, கூலிக்குப் போகிறவருக்கும் பத்தாது.

வெண்ணாற்றுக்கரை:
வாத்தியார் சார் சொல்வது புத்தகத்துக்குச் சரி. கொரியாக்காரன் தொழிற்சாலை கட்டிவிட்டு ஆளை எடுத்தான். இங்கே மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கிற கம்பெனி ஒன்று காட்டுங்கள். 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். எண்ணெய், எரிவாயுக் கிணறு வரக்கூடாது என்று நானும்தான் போராட்டத்தில் உட்கார்ந்தேன், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேளாண் மண்டலம் என்று பெயர் வைத்தால் வேளாண்மை நடக்க வேண்டாமா? போன வருடம் ஏக்கருக்கு 22 குவிண்டால் கண்டது, 55,000 ரூபாய். உழவு, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, வண்டி, குத்தகை எல்லாம் போய் மிஞ்சியது 17,000. மழை பிந்திப் பெய்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. நானும் நாலு மாதம் வேலை செய்தவன்தான், எனக்கு யார் 336 கொடுப்பார்கள்?

நாகைத் தோழர்:
கூலி கூடக் கேட்டதற்கு இந்த மண்ணில் என்ன நடந்தது என்பதை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நெல்லாகக் கொடுக்கும் கூலியில் அரைப்படி கூடக் கேட்ட போராட்டத்தின் நடுவே நடந்தது அது. அதற்குப் பிறகுதான் விவசாயக் கூலிப் பிரச்சினையை விசாரித்த கணபதியா பிள்ளை ஆணையம், 1969ல் நியாயக் கூலிச் சட்டம். எனவே டெல்டாவில் கூலியைச் சந்தை தானாகத் தீர்மானித்தது என்று யாரும் சொல்ல முடியாது. நிலம் நாலு பேர் கையில், மற்ற எல்லாருக்கும் அவர்களிடம் மட்டுமே வேலை என்றிருந்த ஊரில் அவர்கள் வைத்ததுதான் கூலி. அரசு வேலை வந்து அந்தப் பிடியைத் தளர்த்தியது, அதனால்தான் சிலருக்கு இன்றும் அது உறுத்துகிறது.

வெண்ணாற்றுக்கரை:
தோழர், என் தாத்தா பண்ணையாள், நிலக்காரரிடம் கட்டுப்பட்டு உழைத்தவர். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பண்ணையாட்கள் நின்ற பக்கத்தில்தான் எங்கள் குடும்பம் நின்றது. இன்று நாலு ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறவனைப் பெருநிலம் வைத்திருந்த மிராசுதாரோடு சேர்த்துப் பேசாதீர்கள். மிராசு வீட்டுப் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். கூலி உயர்வின் பாரம் முழுக்க என்னைப் போன்றவன் மேல் விழுகிறது.

பூண்டிப் பொண்ணு:
அண்ணே, உங்கள் வலி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் 17,000தான் மிஞ்சுகிறது என்றால் அது கூலியால் மட்டுமா? குத்தகை எவ்வளவு, உரம் எவ்வளவு, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வாங்குவது எவ்வளவு, அதையும் எழுதுங்கள். குறைக்க முடிகிறது என்பதால் எப்போதும் கூலி மேல்தான் கை போகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் தென்னை எல்லாம் போனபோது நான் திருப்பூருக்கு வந்தேன், இப்போதும் பனியன் கம்பெனியில்தான் இருக்கிறேன். வாத்தியார் சொல்கிற மாதிரி தொழிற்சாலை ஆளை இழுத்தது என்பது பாதி உண்மை. ஊரில் ஒன்றும் இல்லாததால் தள்ளப்பட்டு வந்தவர்கள்தான் எங்கள் ஹாஸ்டலில் பாதிப்பேர். பீஸ் ரேட், ஆர்டர் இல்லாத மாதம் சம்பளமும் இல்லை. 2020 ஊரடங்கில் எல்லாரும் ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அம்மாவின் நூறு நாள் வேலையால்தான். இரண்டு இடத்திலும் நிச்சயம் இல்லாதவர்களுக்கு அது ஒன்றுதான் பிடிப்பு, அதை 60 நாள் எடுக்கலாம் என்று சட்டமே சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குடந்தை வாத்தியார்:
நூறு நாள் வேலை வெளியே கூலியை ஏற்றியதா என்பது பற்றி ஆய்வு உண்டு. கிளெமென்ட் இம்பெர்ட், ஜான் பாப் இருவரும் 2015ல் வெளியிட்டது. திட்டம் முதலில் வந்த மாவட்டங்களையும் பின்னால் வந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். வெளியே தனியாரிடம் வாங்கும் அன்றாடக் கூலி 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியது, திட்டத்தில் வேலை பார்க்காத ஏழைக் குடும்பங்களுக்கும் அந்த ஏற்றம் கிடைத்தது.

வெண்ணாற்றுக்கரை:
தனியார் வேலைக்குப் போவது குறைந்ததா, கூடியதா? அதையும் சொல்லுங்கள்.

குடந்தை வாத்தியார்:
குறைந்தது. அதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் திட்டத்தின் பெரும்பகுதி வேலை வயலில் வேலை இல்லாத வறண்ட மாதங்களில் நடந்தது, பாதிப்பும் அந்த மாதங்களில்தான் தெரிந்தது. டெல்டாவில் சிக்கல் என்னவென்றால் நமக்கு அப்படி ஒரே ஒரு பருவம் கிடையாது. ஜூன், ஜூலையில் குறுவை நடவு, செப்டம்பர், அக்டோபரில் அதன் அறுப்பு, அதே நேரத்தில் சம்பா, தாளடி (குறுவை அறுத்த வயலில் நடும் இரண்டாம் போகம்) நடவு, பொங்கலிலிருந்து மாசி வரை அறுப்பு. இதில் எந்த 60 நாளை நிறுத்துவீர்கள்? கடைமடையில் வேதாரண்யம் பக்கம் தண்ணீர் போய்ச் சேரும்போது இங்கே குடந்தையில் களை எடுத்து முடித்திருப்பார்கள். மாவட்டம் முழுக்க ஒரே தேதி போட்டால் நடவு இல்லாத ஊரில் வேலையும் இருக்காது, கூலியும் இருக்காது.

பூண்டிப் பொண்ணு:
அதைத்தான் நானும் கேட்கிறேன். மே 1 கிராம சபை குறுவைக்கு முன்னாலேயே வருகிறது. எந்த வாரம் நடவு, அந்த வாரத்துக்கு மட்டும் அரசு வேலை வேண்டாம் என்று அங்கே ஊரே முடிவு செய்யட்டும். ஆனால் அந்த வாரத்து நடவுக் கூலியையும் அதே கூட்டத்தில் பேசி எழுத வேண்டும், 336க்குக் கீழே போகக் கூடாது, வங்கத்துப் பையன்களுக்குக் கொடுக்கிற ஏக்கர் ரேட்டை எங்கள் அம்மாக்களின் செட்டுக்கும் கொடுக்க வேண்டும்.

வெண்ணாற்றுக்கரை:
ஏக்கர் ரேட் கொடுக்கச் சம்மதம். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தால் அதே 5,000, இருபது பேர் இறங்கினாலும் தலைக்கு 250 வருகிறது, பதினாலு பேர் முடித்தால் 336ஐத் தாண்டும். இருபது பேருக்கும் ஆளுக்கு 336 என்றால் 6,720, அதை இந்த நெல் விலையில் என்னால் எழுதிக் கொடுக்க முடியாது தங்கச்சி. குவிண்டாலுக்கு அரசு இன்னும் 200 ரூபாய் ஏற்றட்டும், அந்தக் கூட்டத்தில் நானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

பூண்டிப் பொண்ணு:
அம்மாவுக்கு 58 வயது, அவர் செட்டில் எல்லாருமே ஏறக்குறைய அந்த வயதுதான். பதினாலு பேரால் ஒரு நாளில் ஒரு ஏக்கர் முடியாது அண்ணே. நெல் விலை ஏறும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும் என்றால் அதுவரை அந்த 60 நாளைத் தொடாதீர்கள்.