ஊசி வேணாம்னு சொல்ற வீட்ல எப்படி பேசறீங்க?

புளியந்தோப்பு டீச்சர்:
அங்கன்வாடில இருக்கேன். ஒன்றரை வயசுல போடற எம்ஆர் (தட்டம்மை, ருபெல்லா) ஊசி ரெண்டாவது டோஸுக்கு நாலஞ்சு வீட்ல வரவே மாட்டேங்கறாங்க. ஒரு பாட்டி தட்டம்மைன்னா ஆத்தா வந்துட்டு போறது, வேப்பிலை கட்டினா போதும்ங்குது. இன்னொரு வீட்ல புருஷன் வாட்ஸப்புல எதையோ பாத்துட்டு கதவையே திறக்கல. நோட்டீஸ் குடுத்து பாத்தாச்சு.

நர்ஸக்கா:
நோட்டீஸ யாரும்மா படிக்கறா. முதல்ல ஆறாவது வாரம் பென்டா, அதான் அஞ்சு நோய்க்கு சேத்து போடற ஊசி, போட்டப்போ என்ன ஆச்சுன்னு கேளு, அதுல காய்ச்சல் வரும் தொடை வீங்கும் ராத்திரி பூரா புள்ள அழும், ரெண்டு நாள்ல சரியாயிடும்னு முன்னாடியே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, அந்த அம்மாவுக்கு வீட்டு வேலைக்கு போகாம ரெண்டு நாள் சம்பளம் போயிருக்கும். நம்ம ஊசியும் புதன்கிழமைதான், எப்படி வருவா? மெட்ரோ சைட்ல இருக்கற பீகார்காரங்களுக்கு பயமெல்லாம் இல்ல, ஊசி கார்டு ஊர்ல கெடக்கு, அவ்ளோதான். கார்டு இல்லன்னாலும் போடுவோம்னு மேஸ்திரிய விட்டு சொல்ல வை.

திருவல்லிக்கேணி பாய்:
2017 பிப்ரவரில ஸ்கூல்ல எம்ஆர் போட்டப்போ, ஊசி போட்டா பின்னாடி குழந்தை பொறக்காதுன்னு ஒரு ஆடியோ சுத்துச்சு, எங்கம்மாவே நம்பிட்டாங்க. ஜும்மா முடிஞ்சு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் என் பேத்திக்கு போட்டாச்சுன்னு ஒரே வரிதான் சொன்னார், அடுத்த நாள் அம்மாவே என் பொண்ண கூட்டிட்டு போனாங்க. பக்கத்து தெரு இந்து வீடுகள்லயும் அதே ஆடியோதான் சார், ஆனா பேச்சு வந்தா எங்க ஆளுங்கள மட்டும்தான் சொல்லுவாங்க.

அடையார் அப்பா:
படிச்சவங்க மட்டும் என்னவாம். எங்க அப்பார்ட்மென்ட் குரூப்ல எம்எம்ஆர் (எம்ஆரோட பொன்னுக்கு வீங்கிக்கும் சேத்து போடற ஊசி) போட்டா ஆட்டிசம்னு இன்னும் ஓடுது. அத கிளப்பிவிட்ட, 1998ல வேக்ஃபீல்ட்ங்கற டாக்டர் எழுதின கட்டுரைய, அத போட்ட லான்செட் மருத்துவ இதழே 2010ல வாபஸ் வாங்கிடுச்சுன்னு லிங்க் போட்டேன், என்னைய குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க 😀

நர்ஸக்கா:
லிங்க்குக்கெல்லாம் எவன் மசியறான். டீச்சர், பாட்டிகிட்ட ஆத்தாவ எதிர்த்து பேசிடாத. கூழும் ஊத்தட்டும் ஊசியும் போடட்டும். ருபெல்லாவ பத்தி சொல்லு, மாசமா இருக்கறவளுக்கு ஒட்டிக்கிச்சுன்னா வயித்துல இருக்கற புள்ளைக்கு கண்ணு, காது, இதயம்னு அடி விழும்.

புளியந்தோப்பு டீச்சர்:
ஐயோ அக்கா, அந்த வீட்ல சின்ன மருமகளுக்கு இப்பதான் ரெண்டு மாசம். நாளைக்கே போறேன். அந்த வாட்ஸப் புருஷனத்தான் என்ன பண்றதுன்னு தெரியல.

திருவல்லிக்கேணி பாய்:
என்ன வீடியோன்னு போட்டு காட்ட சொல்லுங்க, கூட உக்காந்து முழுசா பாருங்க. அதுக்காச்சும் கதவ திறப்பார்.