மூத்திரப் பையைக் காணோம்: ஐந்தாம் மாத ஸ்கேன் அனுபவங்கள்

ஸ்கேன் மருத்துவர், சேலம்:

ஐந்தாம் மாத ஸ்கேனில் பார்த்த அரிதான கேஸ் ஒன்றை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு மறக்காதது 21-ஆம் வாரத்து அனாமலி ஸ்கேன் ஒன்று, அதாவது சிசுவின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்ப்பது. இரண்டு கிட்னியும் பளிச்சென்று தெரிந்தன, பனிக்குட நீரும் அளவாக இருந்தது. மூத்திரப் பையை மட்டும் காணோம். குழந்தை இப்போதுதான் சிறுநீர் கழித்திருக்கும் என்று நினைத்து, "ஒரு டீ குடிச்சுட்டு, கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா" என்று அனுப்பினேன். சிசுவின் பை அரை மணிக்கொரு தரம் நிறைந்து காலியாகும். முக்கால் மணி கழித்துப் பார்த்தேன், இல்லை. மூன்றாம் முறையும் இல்லை.

பனிக்குட நீரில் பெரும்பகுதி சிசுவின் சிறுநீர்தான். கிட்னி வேலை செய்யவில்லை என்றால் அந்த நீர் வற்றியிருக்குமே? ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டேன். தொப்புள்கொடித் தமனிகள் இரண்டும் பையை அணைத்தாற்போல ஓடும். இங்கே தமனிகள் இருக்கின்றன, நடுவில் பை இல்லை. கொடி சேருமிடம் கீழே இறங்கி, அதற்கடியில் சின்ன மேடு. பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி. வயிற்றுச் சுவர் மூடாமல் பை திறந்தபடி வெளியே கிடப்பது.

அப்புறம்தான் தர்மசங்கடம். இதில் பிறப்புறுப்பும் சரியாக உருவாகாது, அதையும் பார்த்தே ஆக வேண்டும். பார்த்ததைச் சொல்லக் கூடாது, ஆணா பெண்ணா என்று வெளியிடுவதைத் தடுக்கும் 1994 சட்டம். கூட வந்த மாமியார் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

ரேடியாலஜிஸ்ட், மதுரை:

எனக்குக் கிடைத்தது குடல். ஜவ்வரிசி சிந்தினாற்போல உள்ளே வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். நோய்த்தொற்றாக இருக்குமோ என்றுதான் முதலில் ஓடியது. ஆனால் உருண்டைகள் குடலுக்குள்ளேயே கிடந்தன, வயிற்றில் வேறெங்கும் இல்லை. ஆசனவாய் அடைபட்டு, குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் நடுவே வழி இருந்தால் காட்டுப்பீயில் (சிசுவின் முதல் மலம்) சிறுநீர் கலந்து சுண்ணாம்பாக உறையும். சரி என்று ஆசனவாயைத் தேடினேன். வளையத்துக்குள் பொட்டு வைத்தது போல் தெரிய வேண்டியது, தெரியவில்லை. பிறந்த கையோடு குழந்தைக்குக் கொலோஸ்டமி செய்தார்கள், மலம் போக வயிற்றில் வழி வைப்பது. முன்பே தெரிந்ததால் அறுவை மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார்.

ஒரு அம்மா, தேனி:

டாக்டர்கள் பேசுகிற இடத்தில் நானும் எழுதலாமா தெரியவில்லை. என் குழந்தைக்கு மூத்திரப் பை ஊதி, அடியில் சாவித் துவாரம் போல நீண்டிருந்ததாம். திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. ரிப்போர்ட்டில் 'சிறுநீர் வழி அடைப்பு' என்று மட்டும் போட்டிருந்தார்கள். பிறந்த பிறகு வால்வு அடைப்பு, சிறுநீர்க் குழாயை ஒரு சவ்வு மறிக்கிறது என்றார்கள், குழாய்க்குள் சின்ன டெலஸ்கோப் விட்டு அதை வெட்டினார்கள். அது ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவது என்று அப்போதுதான் தெரிந்தது. "டாக்டர் உனக்கு முன்னாலேயே பேரை யோசிச்சிருப்பாரு" என்று என் நாத்தனார் இன்னும் கிண்டல் செய்கிறாள்.