மறு: மறு: இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்குக்கு தமிழ்ல என்ன போட?

> "இடைவிட்ட நோன்பு" போதும், இதுக்கு எதுக்கு இத்தனை மெயில்

அண்ணாச்சி, போதாதுங்கதாலதான் எழுதுதேன். இந்த நோட்டீஸ் சுகருக்குப் பாக்க வாறவங்க கையில குடுக்கப்போறது, மேலப்பாளையத்துல ஒரு பாய்ட்ட 'நோன்பு'ன்னு போட்டு நீட்டினா அவரு பச்சத்தண்ணி கூட தொடமாட்டாரு, அவருக்கு நோம்புன்னா அதான், ஆனா இந்த இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்ல, அதான் நாளுல இத்தனை மணிநேரம்னு கணக்கு வச்சு சாப்பிடாம இருக்கதுல, தண்ணி தாராளமா குடிக்கலாம். எங்க அத்தைக்கு நோன்புன்னா கந்தசஷ்டி. போன வருசம் சோத்த விட்டுட்டு சுகர் மாத்திரைய மட்டும் வழக்கம்போல போட்டுட்டாவ, மூணாம் நாள் சாயங்காலம் கை வெடவெடன்னு நடுங்கி வேர்த்து ஊத்தி, சீனித்தண்ணி கரைச்சு குடுத்தப்புறம்தான் கண்ணே தெளிஞ்சுது. டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்லான்னா "சாமி காரியத்துல டாக்டருக்கு என்ன வேலை"ங்காவ. அந்தச் சொல்லு படுத்துத பாடு அது.

பட்டினியும் வேண்டாம், "பட்டினி கெடங்க"ன்னு எந்த டாக்டர் எழுதுவாரு.

என் ஓட்டு ஒருசந்திக்கு, நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிடுதது. பாளையங்கோட்டைல வேதக்காரங்க (கிறிஸ்தவங்க) தவக்காலத்துல "ஒருசந்தி, சுத்தபோசனம்"பாவ, எங்க ஆச்சியும் ஒருசந்தின்னுதான் சொல்லுவா. அப்போ 16:8க்கு (16 மணிநேரம் சாப்பிடாம இருந்து, மிச்ச 8 மணிநேரத்துக்குள்ள சாப்பிடுதது), ரெண்டு வேளை சாப்பிடுததால, இருசந்தி. எப்படி?

--

தம்பி, இருசந்தி கேக்க நல்லாத்தான் இருக்கு, கணக்குதான் உதைக்குது. காலைல எட்டுக்கு இட்லி, ராத்திரி எட்டுக்கு தோசை, இதுவும் ரெண்டு சந்திதான, நடுவுல 12 மணிநேரம்தான் ஆச்சு. நீ வேளைய எண்ணுத, அவங்க மணிய எண்ணுதாங்க. மேலப்பாளையத்து நோம்பும் விடியறதுக்கு முந்தி சாப்பிடுத சஹர் ஒண்ணு, நோம்பு தொறக்கது ஒண்ணு, ரெண்டு சந்தி பாத்துக்க.

அப்புறம் நோட்டீஸ்ல "நோபல் பரிசு பெற்ற முறை"ன்னு ஒரு வரி கெடக்கே, அத மொதல்ல தூக்கு. 2016ல ஜப்பான் விஞ்ஞானி ஓசுமிக்குக் குடுத்தது ஆட்டோஃபேஜி எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்சதுக்கு, செல்லு தன் பழைய சாமானத் தானே கரைச்சு திருப்பி எடுத்துக்கிடுதுல்லா, அத ஈஸ்ட்டப் பட்டினி போட்டுப் பாத்தாரு (ஈஸ்ட்டுக்குப் பட்டினிதான் சரி, அது என்ன நோன்பா இருக்கு). மனுசன் 16 மணிநேரம் சாப்பிடாம இருந்தா இன்னின்ன நடக்கும்னு அந்தப் பரிசு சொல்லல. எடை குறையும், இல்லேங்கல, ஆனா சீனாவுல குவாங்சோல 139 பேர ஒரு வருசம் வச்சுப் பாத்து 2022ல போட்டாவ, எல்லாருக்கும் கலோரிய ஒரேபோல குறைச்சுட்டு பாதிப்பேர மட்டும் காலை 8 மணிலருந்து சாயங்காலம் 4க்குள்ள சாப்பிடச் சொன்னா, ரெண்டு பக்கமும் எடை குறைஞ்சுது, பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

சொல்லுக்கு வாறேன். ரத்தம் எடுக்குத லேப்ல என்ன சொல்லுதாவ? "நாளைக்கு வெறும் வயித்துல வாங்க." தண்ணி குடிக்கலாம், டீ கூடாது, இத நம்ம சனத்துக்கு யாரும் விளக்க வேண்டாம், சாமியும் இல்ல வறுமையும் இல்ல. வெறுவயிறு. 16:8ன்னா "16 மணி வெறுவயிறு", மொத்தத்துக்கு "வெறுவயிற்று முறை".

--

அண்ணாச்சி, லேப் வாசல்ல எத்தனை நாள் நின்னுருக்கேன், எனக்குத் தோணலியே. இருசந்திய வாபஸ் வாங்கியாச்சு. ஒருசந்திய மட்டும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வச்சுக்கிடுதேன், அத விட மனசு வரல. நோபல் வரியத் தூக்கிட்டு அந்த எடத்துல "மாத்திரை, இன்சுலின் போடுறவங்க டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்கக் கூடாது"ன்னு கொட்ட எழுத்துல போட்டுட்டேன்.

இன்னொரு வில்லங்கம் இருக்கு. "வெறுவயிற்று நேரத்தில் கடுங்காப்பி குடிக்கலாம்"னு இருக்கு, நம்ம பக்கம் கடுங்காப்பின்னா கருப்பட்டி போட்டதுல்லா. அத்தைட்ட வாசிச்சுக் காட்டினேன், "அப்ப சரி, இத இருந்துருவேன்"ன்னுட்டாவ. அதுக்கு தனி மெயில் போடுதேன்.