சிலிண்டர் போர் அடித்த பிறகு ஒயில் குறைகிறது: என்ன செய்யலாம்?

வண்டி 2010 பல்சர் 150 மோட்டார் சைக்கிள். வாழைச்சேனையில் மீன் எடுத்து, செங்கலடி வழியாக மகா ஓயா வரை வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறேன். மீன் பெட்டியோடு ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்று இரண்டு மாதங்களுக்கு முன் சிலிண்டரைப் போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி), அதற்கேற்ப 0.50 மில்லிமீற்றர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். முதல் 600 கிலோமீற்றர் மெதுவாகவே ஓட்டினேன்.

இப்போது முறுக்கினால் நீலப் புகை. 500 கிலோமீற்றருக்கு 300 மில்லிலீற்றர் ஒயில் குறைகிறது. பிளக்கைக் கழற்றினால் முனை கரியும் ஈரமுமாக விரலில் ஒட்டுகிறது. வால்வு சீல் மாற்றியாயிற்று, பயனில்லை. பிளக் துளையில் சிறிது ஒயில் விட்டு அளந்தபோது சிலிண்டர் அழுத்தம் ஏறியது. அதனால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் பக்கம்தான் சந்தேகம். எங்கள் வீட்டு அடுப்பு இந்த வண்டியை நம்பித்தான் எரிகிறது.

இதே சிலிண்டரை 0.75க்குப் போர் அடிப்பதா, புதிய சிலிண்டரும் பிஸ்டனும் போடுவதா: பாரம் ஏற்றி ஓட்டுபவர்கள் சொல்வீர்களா?