வருசக் கடைசியில் மட்டும் சுவரோரப் புல் மஞ்சளாகிப் பாசி பிடிக்கிறது, ஏன்?

செராஸ்வாசி:
வணக்கம். கோலாலம்பூர் பக்கம் செராஸில் இரட்டை மாடி வரிசை வீடு. முன்பக்கப் புல்தரை 6 மீட்டர் நீளம், வீட்டுச் சுவரிலிருந்து வேலி வரை 5 மீட்டர். பிலிப்பைன்ஸ் புல் (மெல்லிய இலைத் தரைப்புல்). ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்டோபர் தாண்டியதும் சுவரை ஒட்டி மூன்று மீட்டருக்குப் புல் மெலிந்து மஞ்சளாகிறது. டிசம்பரில் அந்த இடம் முழுக்க வழுவழுவென்று பாசி. வேலிப் பக்கத்துப் பாதி மட்டும் எப்போதும்போல் இருக்கிறது.

மாதம் ஒருமுறை யூரியா, கைக்கணக்கில். தினமும் சாயங்காலம் தண்ணீர். புல் வெட்ட வருபவர் தோளில் மாட்டும் நைலான் கயிறு மெஷினால் மாதம் ஒருமுறை தரையோடு தரையாக வெட்டுகிறார். ஒருவர் சுண்ணாம்பு போடச் சொல்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதுப் புல் போடச் சொல்கிறார். எதைக் கேட்பது? அங்கங்கே கோரையும் முளைக்கிறது.

மண்வெட்டி:
பெயர்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் வெட்டுவதைச் சரி செய்யுங்கள். பிலிப்பைன்ஸ் புல்லை 4 சென்டிமீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள், 6 சென்டிமீட்டர் வந்ததும் வெட்டுங்கள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மழைக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை மொட்டையடித்தால் இலையெல்லாம் போய்த் தண்டு மட்டும் நிற்கும், வேரில் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் அது மறுபடி துளிர்க்க வேண்டும். நைலான் கயிறு இலையை அறுப்பதில்லை, கிழிக்கிறது. வெட்டிய இரண்டாம் நாள் குனிந்து ஒரு இலையைப் பாருங்கள், நுனி நார் நாராகப் பிரிந்து வெளுத்திருக்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் மஞ்சளில் பாதி அதுதான். சின்னத் தரைக்குக் கையால் தள்ளும் உருளை மெஷினே போதும்.

சாயங்காலத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் மழைக்கு மேல் நீங்கள் வேறு ஊற்றினால் இலை ராத்திரி முழுக்க ஈரம், பூஞ்சைக்கு அது விருந்து. மழை இல்லாத வாரத்தில் மட்டும், காலையில், வாரத்துக்கு 25 மில்லிமீட்டர். இரண்டு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். காலி மைலோ டின் நாலைந்தைத் தரையில் பரப்பிவைத்துக் குழாயைத் திறங்கள். டின்னில் 12 மில்லிமீட்டர் நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். கைக்கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுங்கள். 30 சதுர மீட்டருக்கு 300 கிராம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. புல் காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விடுங்கள், ஈர இலையில் ஒட்டினால் கருகும்.

மண்புழு:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரே உரம், ஒரே தண்ணீர், ஒரே வெட்டு, அப்படியிருக்க வேலிப் பக்கம் பிழைத்துச் சுவர்ப் பக்கம் மட்டும் சாவது ஏன்? வீட்டின் முன்பக்கம் எந்தத் திசை?

செராஸ்வாசி:
போனில் திசைகாட்டி வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட நேர் வடக்கு.

மண்புழு:
அப்படியானால் இது உரப் பிரச்சினையே இல்லை. நம் ஊரில் வெயில் நேர் உச்சியில் அடிக்கும், நிழல் பற்றிக் கவலை இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் மட்டும்தான் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நடுவில் உள்ள மாதங்களில் வடக்குப் பக்கமாகவும், செப்டம்பருக்குப் பிறகு தெற்குப் பக்கமாகவும் சாய்ந்து போகும். டிசம்பர் 22 வாக்கில் உச்சிவேளையில்கூட 26 பாகைக்கு மேல் தெற்கே நிற்கும். உங்கள் சுவர் 7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் அதன் நிழல் வடக்கே மூன்றரை மீட்டர். நீங்கள் சொன்ன மூன்று மீட்டர் இதுதான்.

இன்னொன்று. உச்சிவேளையில் (நம் நேரப்படி பகல் ஒன்றேகால் வாக்கில்) விழும் நிழல்தான் அன்றைக்கே குட்டையான நிழல். வரிசை வீடுகளின் சுவர் கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பதால் காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் அகலம். ஆகவே டிசம்பரில் அந்தப் பட்டையில் ஒரு நிமிடம்கூட நேர் வெயில் படாது. அதே நேரத்தில் கனமழை. பாசி வராமல் என்ன செய்யும்? ஜூனில் இதே நிழல் பின்பக்கம் விழும், இரண்டரை மீட்டர் சொச்சம். தெற்குப் பார்த்த வீட்டுக்காரருக்கு வருச நடுவில் இதே புலம்பல் வரும்.

செய்ய வேண்டியது: சுவரை ஒட்டி 60 சென்டிமீட்டருக்குப் புல்லே வேண்டாம், கூழாங்கல் போடுங்கள். கூரைத் தண்ணீர் சொட்டுவதும் அங்கேதான். அதற்கு அப்பால் மூன்றரை மீட்டர் வரை கவ் கிராஸ் என்ற புல். அகல இலை, நிழல் தாங்கும், அமில மண்ணும் அதற்குப் பொருட்டில்லை. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் பாசியைவிட அழகு. 5 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருங்கள். நடுவதை ஏப்ரலில் செய்யுங்கள், அப்போது வெயிலும் திரும்பியிருக்கும், மழையும் இருக்கும். இப்போது நட்டால் அழுகும். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை அந்தப் பட்டைக்கு யூரியாவில் பாதி போதும். வெயில் இல்லாமல் நைட்ரஜன் மட்டும் கிடைத்தால் புல் நோஞ்சானாக நீளும், லேசாக மிதித்தாலே படுத்துவிடும்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி, சுண்ணாம்பு விஷயத்தில் அவசரப்படாதே. தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளில் சுவரோர மண் என்பது பெரும்பாலும் கட்டும்போது கொட்டிய சிமெண்ட் குப்பைதான். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி ஒரு கைப்பிடி மண்ணைக் காயவைத்து அதன்மேல் வினிகர் விட்டுப் பார். பொசுபொசுவென்று நுரைத்தால் ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுதி. மேலும் போட்டால் புல்லுக்கு இரும்புச் சத்து எட்டாமல் போகும். அடையாளம் சுலபம்: பழைய இலை முதலில் மஞ்சளானால் நைட்ரஜன் குறை, இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. நுரைக்கவில்லை, மண்ணும் செம்மண் களி என்றால் டோலோமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள்) சதுர மீட்டருக்கு 100 கிராம் போடலாம், ஆனால் யூரியா போட்ட மூன்று வாரத்துக்குள் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். எப்படியிருந்தாலும் சுண்ணாம்பு பாசியைக் கொல்லாது.

ஒரு திருப்புளியை மண்ணில் குத்திப் பார். 5 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் மண் இறுகியிருக்கிறது. பாசி காய்ந்த நாளில் தகடுபோல் சுரண்டி எடு. தோட்ட முள்கரண்டியால் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் அதே ஆழத்துக்குக் குத்து. ஏழு பங்கு ஆற்று மணல், மூன்று பங்கு மட்கிய உரம் கலந்து துளைகளுக்குள் கூட்டித் தள்ளு. உன் பட்டைக்குச் சுமார் 100 லிட்டர் கலவை பிடிக்கும். களிமண் மேல் வெறும் மணலைப் பரப்பிவிட்டு நிறுத்தாதே, தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் தேங்கும்.

நான் இருக்கும் பினாங்கில் கணக்குக் கொஞ்சம் வேறு. இங்கே டிசம்பர் நிழல் இன்னும் ஒன்றரை சாண் நீளம், ஆனால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. பாசி அவ்வளவாக இருக்காது, வெயில் படும் பாதிதான் காயும். ஆகவே இந்தப் பக்கம் இருப்பவர்கள் தண்ணீரை அந்தப் பாதிக்கு மட்டும் விடுங்கள்.

மண்வெட்டி:
கோரைக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு கீழேயே இருக்கும். மழை பெய்த மறுநாள் குறுகலான கரணையால் செடியைச் சுற்றி ஆழமாகக் குத்திக் கிழங்கோடு நெம்புங்கள். ஐந்தாறு இலை விடுவதற்குள் எடுக்க வேண்டும், விட்டால் அடியில் புதுக் கிழங்கு கட்டிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நாலைந்து மாதம் விடாமல். பழைய ஆட்கள் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடிக்கச் சொல்வார்கள். அது 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை, போதாக்குறைக்கு அது கிழங்கைத் தொடவும் தொடாது. கிளைபோசேட் களைக்கொல்லி தெளித்தால் கோரையோடு புல்லும் போகும்.

செராஸ்வாசி:
வினிகர் நன்றாகவே நுரைத்தது அக்கா. சுண்ணாம்பு மூட்டையைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறேன். இளம் இலைகளும் நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்கின்றன. இரும்புக்கு என்ன போடுவது?

ஆயர் ஈத்தாம் அக்கா:
ஃபெரஸ் சல்பேட், சதுர மீட்டருக்கு 3 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து இலை மேல் தெளி, வெயில் ஏறுவதற்கு முன். மண்ணில் போட்டால் அந்தச் சுண்ணாம்பு அதையும் கட்டிவைத்துவிடும். போர்ச் தரையில் சிந்தினால் உடனே கழுவு தம்பி, சிமெண்டில் துருக்கறை பிடித்தால் போகவே போகாது.